வைரஸ் குறைந்தால் தொற்றும் குறையுமா?

என் மச்சினர் ஹெபடைடிஸ் சி நோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்ட விஷயம் நம் சங்கத்து அன்பர்கள் சிலருக்குத் தெரியும். அவர்களில் நான்கைந்து பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "சார், மாத்திரை சாப்பிட்டு வைரஸ் குறைந்துவிட்டால் வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டாது அல்லவா?" ஒருவர்கூட சபையில் வைத்துக் கேட்கவில்லை. மாடிப்படி ஓரத்திலும் ஸ்கூட்டர் நிறுத்துமிடத்திலும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். கேட்டவர்களில் இருவர் வீட்டிலாவது இந்த நோய் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதிவிடலாம் என்று மச்சினரிடம் அனுமதி கேட்டேன். "என் பெயரைப் போடாதீர்கள் அத்தான், மற்றதெல்லாம் போடுங்கள்" என்றார்.

நான் டாக்டர் இல்லை. டிப்ளமா முடித்துவிட்டு 38 வருஷம் வடக்கு ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவன். ஆனால் மச்சினருடன் ஆஸ்பத்திரிக்கு அலைந்த ஏழெட்டு மாதங்களில் டாக்டர்கள் சொன்னதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தேன். புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு இளம் டாக்டர், "அங்கிள், பரீட்சை எழுதப் போகிறீர்களா?" என்று ஹிந்தியில் கேலி செய்தார். கேலி செய்தாலும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

முதலில் இந்த நோயைப் பற்றிக் கொஞ்சம். நம் ஊரில் காமாலை என்றால் உடனே கீழாநெல்லி என்பார்கள். சி வைரஸுக்கு அந்தக் கணக்கு சரிப்படாது. இதில் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. இருபது முப்பது வருஷம் சத்தமில்லாமல் கல்லீரலை அரித்துக்கொண்டிருக்கும். வைரஸை அடையாளம் கண்டதே 1989-இல்தான். அதற்கு முன்பு, ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை, ஏதோ மூன்றாவது ஒன்று என்று மட்டும்தான் டாக்டர்களால் சொல்ல முடிந்தது. அந்த மூன்றாவது ஆளைக் கண்டுபிடித்ததற்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹூட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கு 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்குத் தடுப்பூசி இன்றுவரை கிடையாது.

இந்த வைரஸ் ரத்தத்தின் வழியாகப் பரவுவது. நம் நாட்டில் ரத்த வங்கிகளில் சி வைரஸுக்கான பரிசோதனை கட்டாயமானது 2001-இல்தான். அதற்கு முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் யாராக இருந்தாலும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. என் மச்சினர் 1996-இல் அம்பாலா ரோட்டில் லாரி மோதி விழுந்தபோது இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்று இருந்துவிட்டோம். 2023-இல் குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த சாதாரணப் பரிசோதனையில்தான் விஷயம் வெளிவந்தது. இடையில் 27 வருஷம் ஓடிவிட்டது.

நாங்கள் இருக்கும் இந்தப் பஞ்சாப் பக்கத்தில் இந்த நோய் அதிகம். எதற்கெடுத்தாலும் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கமும், ஒரே சிரிஞ்சைப் பலருக்குப் பயன்படுத்திய கிராமத்து அரைகுறை வைத்தியர்களும் அதற்குக் காரணங்களில் சில. அதனால்தானோ என்னவோ, பஞ்சாப் அரசு மற்ற மாநிலங்களுக்கு முன்பாகவே 2016 ஜூனில் இலவச சிகிச்சையை ஆரம்பித்தது. சண்டிகர் பி.ஜி.ஐ. நிபுணர்கள் மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அப்படி முதலில் சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 48 ஆயிரம் பேரின் விவரம் பின்னால் மருத்துவப் பத்திரிகையில் வந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகியிருந்தார்கள். 2018 ஜூலை 28 அன்று மத்திய அரசு நாடு முழுவதற்கும் இதே போன்ற திட்டத்தைத் தொடங்கியது.

தட்டைப் பிரித்தார்கள், ஊசியைப் பிரிக்கவில்லை

ரிப்போர்ட் வந்த அன்றே மச்சினர் வீட்டில் பாகப்பிரிவினை நடந்தது. அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், தனித் துண்டு. அவர் உட்கார்ந்த நாற்காலியைக்கூட டெட்டால் போட்டுத் துடைத்தார்கள். பிரசவத்துக்கு வந்திருந்த பெண், பிறந்து இருபது நாளான குழந்தையை அப்பாவின் மடியில் வைக்கப் பயந்தாள். மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. வராந்தாவில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் தாளை அவர் படித்தாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சேர்ந்து சாப்பிடுவது, ஒரே தட்டு, தம்ளர், இருமல், தும்மல், கட்டிப்பிடிப்பது, குழந்தைக்கு முத்தம் கொடுப்பது, ஒரே கழிப்பறை, கொசுக்கடி இவை எதனாலும் சி வைரஸ் பரவாது. இது சிகிச்சைக்கு முன்பும் உண்மை, பின்பும் உண்மை. வைரஸ் பதினெட்டு லட்சம் இருந்தாலும் அந்தத் தாத்தா பேரனைத் தூக்கலாம். இதற்கு மருந்து வேலை செய்யும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்துச் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். மச்சினருக்கும் அவர் மனைவிக்கும் இருவருக்குமே சர்க்கரை வியாதி. வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் மெஷின் ஒன்று. விரலில் குத்தும் பேனா போன்ற கருவியும் ஒன்றே. காலையில் அவர் குத்திக்கொள்வார். அதே ஊசியில், "இன்னும் கூராகத்தானே இருக்கிறது" என்று அந்த அம்மாளும் குத்திக்கொள்வார். ஊசி விலையில் சிக்கனம்! இப்படி நாலு வருஷம். தட்டைப் பிரித்த வீட்டில் இந்தப் பேனாவைப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் ரத்தம் படும் சாமான்கள் எவை என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான் இது வெளியே வந்தது. எனக்குத் தங்கை முறையாக வேண்டிய அந்த அம்மாள் முகம் வெளிறிப்போய், "அண்ணா, எனக்கும் வந்திருக்குமா?" என்று கேட்டதை இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

அவருக்கும் பரிசோதனை செய்தோம். தொற்று இல்லை என்று வந்தது. ஆனால் உடம்பில் எதிர்ப்பொருள் தோன்றச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட ஆகும் என்பதால் ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்க்கச் சொன்னார்கள். அதுவும் இல்லை என்றே வந்தது. அந்த ஆறு மாதம் அவர் எப்படித் தூங்கினார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஆகவே பிரிக்க வேண்டிய சாமான்கள் இவைதாம்: சர்க்கரை பார்க்கும் ஊசியும் அதன் பேனாவும், இன்சுலின் ஊசி, சவர பிளேடு, நகவெட்டி, பல் தேய்க்கும் பிரஷ். காயத்தை மூடிக் கட்டு போட வேண்டும். ரத்தம் சிந்தினால் கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துடைக்க வேண்டும். காய்ந்த ரத்தம்தானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே பல நாட்கள், சில சமயம் வாரக்கணக்கில்கூட உயிர்ப்போடு இருக்கும் என்று ஆராய்ச்சிகளில் தெரிந்திருக்கிறது.

பதினெட்டு லட்சத்திலிருந்து நாற்பதுக்கு

இனி மூலக் கேள்விக்கு வருகிறேன். மச்சினருக்குச் சோபோஸ்புவிர், டக்லாடாஸ்விர் என்ற இரண்டு மாத்திரைகளைத் தினம் ஒருமுறை, 12 வாரம் சாப்பிடக் கொடுத்தார்கள். முன்காலத்து இன்டர்பெரான் ஊசியைப் போலக் காய்ச்சலும் நடுக்கமும் கிடையாது. இந்தச் சோபோஸ்புவிர் 2013 டிசம்பரில் அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். 2015-இல் நம் நாட்டுக் கம்பெனிகள் உரிமம் பெற்றுச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டியது. அரசு ஆஸ்பத்திரியில் காசே இல்லை.

ஆரம்பத்தில் அவருடைய ரத்தத்தில் ஒரு மில்லி லிட்டருக்கு 18 லட்சம் அலகு வைரஸ். நாலாவது வாரம் பார்க்க வேண்டிய அவசியமில்லை என்று டாக்டர் சொல்லியும், பிள்ளை கேட்காமல் தனியார் லேபில் காசு கட்டிப் பார்த்தான். 40 என்று வந்தது. வீடே கொண்டாடியது. "இனிமேல் ஜாக்கிரதையெல்லாம் வேண்டாம், அப்பாவுக்கு ஒன்றுமில்லை" என்று பிள்ளை முடிவு கட்டிவிட்டான். பேனா திரும்பவும் பொதுவாகிவிடுமோ என்று எனக்குக் கவலை வந்தது. அவனை உட்கார வைத்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

ஊசி நுனியில் ஒட்டும் ரத்தம் ஒரு மில்லி லிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சைக்கு முன்னால் அதில் 1,800 அலகு வைரஸ் இருக்கும். நாலாவது வாரத்தில் 0.04 அலகு. அதாவது இருபத்தைந்து முறை குத்தினாலும் சராசரிக் கணக்கில் ஒரு அலகுதான் தேறும். ஆபத்து பாதாளத்துக்கு இறங்கிவிட்டது என்பது உண்மைதான். இதே 40 உள்ள ரத்தத்தை 350 மில்லி லிட்டர் பையில் தானம் கொடுத்தால்? பையில் 14 ஆயிரம் அலகு இருக்கும். வாங்கிக்கொள்பவருக்கு அது தாராளமாகப் போதும். ஆக, தொற்றும் ஆபத்து ஒரு எண்ணை மட்டும் பொறுத்தது இல்லை. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு, எவ்வளவு ரத்தம் போகிறது, எந்த வழியாகப் போகிறது என்ற மூன்றும் சேர்ந்ததுதான் ஆபத்து. என் கணக்கு வெறும் பெருக்கல் வாய்ப்பாடு. ஊசிக்கு ஊசி, உடம்புக்கு உடம்பு மாறும். ஆனால் திசை சரி என்று அந்த இளம் டாக்டரும் ஒப்புக்கொண்டார்.

இந்த அளவுக்கும் தொற்றுக்கும் உள்ள சம்பந்தம் நன்றாகத் தெரிவது தாய்-சேய் விஷயத்தில். சி வைரஸ் உள்ள தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குத் தொற்றுகிறது. தாயின் ரத்தத்தில் வைரஸ் அதிகமாக இருந்தால் வாய்ப்பு கூடுகிறது. வைரஸே தென்படாத தாயிடமிருந்து தொற்றுவது மிக அபூர்வம். அதனால்தான் குழந்தை பெற நினைக்கும் பெண்கள் முன்னதாகவே சிகிச்சையை முடித்துக்கொள்வது உத்தமம் என்கிறார்கள். தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை. மார்க்காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் மட்டும் ஆறும்வரை நிறுத்திவைக்க வேண்டும்.

கணவன் மனைவி விஷயத்தையும் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். அமெரிக்காவில் ஒருவருக்கு மட்டும் ஆரம்பத்தில் நோய் இருந்த 500 தம்பதிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டிருக்கிறார்கள். பல வருஷ தாம்பத்தியத்திலும் தொற்று மிக மிக அரிது. அதிகபட்சமாக வைத்தாலும் 1,90,000 முறைக்கு ஒன்று என்று கணக்கிட்டார்கள். அதுவும் சிகிச்சை எடுக்காத நிலையில். ஆகவே இதற்காகக் கட்டிலைப் பிரிக்க வேண்டியதில்லை. ரத்தக் கசிவு இருக்கும் நாட்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்.

சரி, அளவு இவ்வளவு வேகமாக எப்படி இறங்குகிறது? இந்த வைரஸ் ஒரு நாளைக்கு ஏறத்தாழ லட்சம் கோடி பிரதிகள் எடுக்கிறதாம். ஆனால் ரத்தத்தில் மிதக்கும் வைரஸின் ஆயுள் சில மணி நேரம்தான். ஒரு பெரிய யார்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் வண்டிகளை நிறுத்திவிட்டால் ஒரே நாளில் யார்டு காலியானதுபோல் தெரியும். ஆனால் மூலையில் சிக் லைனில் நிற்கும் பழுதான வாகன்கள் அப்படியே இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக வெளியேற்ற வாரக்கணக்காகும். மாத்திரை புதிய பிரதி எடுப்பதை நிறுத்துகிறது. ரத்தம் மளமளவென்று சுத்தமாகிறது. கல்லீரல் செல்களுக்குள் இருப்பது மெதுவாகத்தான் ஒழிகிறது. நாலு வாரத்தில் 40 ஆயிற்றே என்று மாத்திரையை நிறுத்தினால், மிச்சம் இருப்பது மறுபடியும் லட்சத்துக்குப் போகச் சில வாரங்களே போதும்.

"தென்படவில்லை" என்று ரிப்போர்ட் வந்தாலும் அதன் அர்த்தத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போதைய மெஷின்கள் சுமார் 12 அல்லது 15 அலகு வரை கண்டுபிடிக்கும். அதற்குக் கீழே இருந்தால் அதற்குத் தெரியாது. எனவேதான் கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 வாரம் கழித்து ஒரு பரிசோதனை செய்கிறார்கள். மருந்தின் துணையில்லாமல் 12 வாரம் கழிந்தும் வைரஸ் வரவில்லை என்றால்தான் குணம் என்று பெயர். தண்டவாளத்தின் ஜல்லியைத் தோண்டிச் சலித்துப் போட்ட பிறகு நாங்கள் உடனே முழு வேகம் கொடுக்க மாட்டோம். முதலில் 20 கிலோமீட்டர், பிறகு 45, பிறகு 75 என்று, வண்டிகள் ஓடி ஓடி ஜல்லி இறுகிய பிறகுதான் எச்சரிக்கை உத்தரவை எடுப்போம். பார்வைக்குப் பாதை முதல் நாளே அழகாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் எச்.ஐ.வி.யோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே மருந்து வைரஸை அமுக்கி வைக்கிறது. மருந்தை நிறுத்தினால் திரும்பவும் தலைதூக்கும். சி வைரஸ் நம் செல்லின் மரபுப் பொருளோடு ஒட்டிக்கொள்வதில்லை. ஆகவே அதை அடியோடு ஒழிக்க முடிகிறது. நூற்றுக்கு 95 பேருக்கு மேல் புது மருந்துகளில் குணமாகிறது. 12-ஆவது வாரப் பரிசோதனையில் தேறிய பிறகு அதே வைரஸ் திரும்புவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. தேறியவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. ஏனென்றால் தொற்றுவதற்கு ஒன்றும் இல்லை. என் மச்சினர் தேறிவிட்டார். 12 வார மாத்திரையில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. காலண்டரில் தினம் ஒரு பெருக்கல் குறி போட்டது பேரனின் அம்மா.

தேறிய பிறகும் ஒரு தொல்லை உண்டு. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனை செய்தால் ஆயுள் முழுக்க "இருக்கிறது" என்றுதான் வரும். அது பழைய தொற்றின் தழும்பு, வைரஸ் இல்லை. இது எல்லா இடத்திலும் புரிவதில்லை. போன வருஷம் கண்புரை ஆபரேஷனுக்குப் போனபோது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இந்த ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு, தனிச் சாமான்கள் என்று கூடுதல் கட்டணம் கேட்டார்கள். குணமான ரிப்போர்ட்டைக் காட்டியும் கவுன்டரில் இருந்த பெண் காதில் வாங்கவில்லை. பெரிய டாக்டரைப் பார்த்துப் பேசிய பிறகுதான் கட்டணத்தை எடுத்தார்கள். ஆகவே 12-ஆவது வார ரிப்போர்ட்டை நான்கு நகல் எடுத்து, ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எப்போதும் கையில் வைத்திருங்கள்.

குணமானவருக்கு மறுபடியும் தொற்று வராது என்பதும் தவறு. அம்மை போட்டவருக்கு மறுபடி வராது என்பதைப் போன்ற பாதுகாப்பு இதில் இல்லை. புதிதாக அசுத்த ஊசி பட்டால் புதிதாக வரும். ரத்த தானம் மட்டும் குணமானாலும் கிடையாது. நம் நாட்டு விதிப்படி நிரந்தரமாக விலக்கிவிடுகிறார்கள். வருஷா வருஷம் நம் சங்கத்து முகாமில் முதல் ஆளாகப் படுக்கும் மச்சினர் இப்போது முகாமில் காபி, பிஸ்கட் பொறுப்பைப் பார்க்கிறார்.

சிகிச்சைக்குப் போகிறவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில உண்டு. இருதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுகிறவர்கள், காச நோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்கள், வயிற்று எரிச்சலுக்குத் தினம் மாத்திரை போடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். இவை சில மருந்துகளோடு ஒத்துப்போகா. பி வைரஸ் இருக்கிறதா என்று முன்னதாகவே பார்ப்பார்கள், ஏனென்றால் சி போகும்போது தூங்கிக்கொண்டிருக்கும் பி எழுந்துவிடலாம். ரிபாவிரின் என்ற மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால், ஆணானாலும் பெண்ணானாலும், முடிந்து ஆறு மாதம்வரை கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லீரல் ஏற்கெனவே சுருங்கிப் போனவர்கள் வைரஸ் ஒழிந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். புற்றுநோய் ஆபத்து குறையுமே தவிர அடியோடு போகாது. மச்சினருக்கு அந்த அளவு போகவில்லை.

பரிசோதனையும் மாத்திரையும் தேசியத் திட்டத்தின் கீழ் சிகிச்சை மையங்களில் இலவசம். உங்கள் மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் விசாரித்தால் மையம் எங்கே என்று சொல்வார்கள். அடையாள அட்டையையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள்; பத்து மணிக்கு மேல் வரிசை வாசல்வரை நீளும். ஹிந்தியோ பஞ்சாபியோ சரளமாக வராத பெரியவர்கள் யாராவது இருந்தால் சங்கத்தில் சொல்லி அனுப்புங்கள். புதன்கிழமைகளில் நான் கூட வருகிறேன்.